மகன் காதுகுத்தும் முன்னால் பாய்கிற விண்டோவும்

மகனின் காதுகுத்துப் பத்திரிகையை அச்சகத்தில் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். என் கணவர் அருண்பாண்டி, "நானே அடிக்கிறேன்" என்றார். மற்றவர்கள் மாதிரி அடித்தால் இவருடைய சாஃப்ட்வேர் வேலைக்கு என்ன மரியாதை? எடிட்டர் என்று ஒரு விண்டோவில் எழுதுவாராம். சேமித்ததும் பத்திரிகை எப்படி வரும் என்று பிடிஎஃப் வியூவர் தனி விண்டோவில் காட்டுமாம்.

அந்த வியூவர் எப்படித் திறக்க வேண்டும் என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று. கூட வேலை பார்க்கும் ஜெரால்டுடன் ஸ்பீக்கர் போனில் சண்டை.

"தொறக்கட்டும் அருண், ஆனா ஓரமா நிக்கட்டும். கீபோர்டு எடிட்டர்கிட்டயே இருக்கணும், அடிக்கிறது அதுலதான் விழணும்" என்பார் ஜெரால்டு.

"அடிச்சது கண்ணு முன்னாடி வந்து நிக்க வேணாமா?" என்பார் இவர்.

பந்தல்காரரிடம் பேச வீட்டில் ஆளில்லை. விண்டோ எங்கே நிற்பது என்று பேச மட்டும் இரண்டு பேர். கடைசியில் இவர் இஷ்டப்படியே, சேமிக்கும்போதெல்லாம் வியூவர் முன்னால் பாய்ந்து வந்தது.

மாமனார் பெயர்களைச் சொல்லச் சொல்ல இவர் அடித்தார். ஆங்கிலம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர், தமிழுக்கு மட்டும் குனிந்து எழுத்துத் தேடுவார். வரிக்கு வரி சேமிக்கும் பழக்கம் வேறு. ஒவ்வொரு தடவையும் எடிட்டரைக் கிளிக் செய்து திரும்பியவர், கடைசி வரியில் அதை மறந்துவிட்டார். அந்த வரி என் அண்ணன் ராஜபாண்டியுடையது. குனிந்த தலை நிமிராமல் 'தாய்மாமன் ராஜபாண்டி' என்று வியூவரிடம் அடித்தார். அது காட்டுவதற்கு மட்டும் உள்ள சாமான், எழுத்தை வாங்கி என்ன செய்யும்? விழுங்கிவிட்டது. நிமிர்ந்தவர் ஓரத்து இடைவெளி அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. அவர் பெயரே இல்லாமல் ஒரு பத்திரிகை! அண்ணன் குழுவிலிருந்து வெளியேறினார். போனையும் எடுக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அண்ணன் ஊரான திருவாதவூருக்கு நேரில் கிளம்பினோம். தாம்பூலத் தட்டு எடுக்கப் போன என்னை, "டெமோ காட்டுனாப் போதும் இசை, ஏறு" என்று வண்டியில் ஏற்றினார் கணவர்.

அண்ணன் தட்டு வைப்பதற்காக ஒரு ஸ்டூலை எங்கள் முன் இழுத்துப் போட்டார். இவர் அதில் லேப்டாப்பை வைத்தார்.

"பாருங்க மச்சான்." ஒரு வரி அடித்துச் சேமித்தார். வியூவர் பாய்ந்து வந்தது. அதன் மேலேயே 'ராஜபாண்டி' என்று அடித்தார். ஒன்றும் விழவில்லை. "பாத்தீங்களா! தப்பு என் மேல இல்ல, இந்த விண்டோ மேல!" முகமெல்லாம் வெற்றி.

"நல்லாப் பாத்தேன் மாப்ள. ரெண்டாந்தடவையும் என் பேரு போயிருச்சு" என்றார் அண்ணன். "வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட வந்திருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்."

எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடி வெற்றிலை பாக்கு வாங்கி வந்தேன். லேப்டாப்பைப் பட்டென்று மூடி, அதன் மேலேயே பரப்பி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அண்ணே, நீ மடியில வச்சாத்தான் எம்மகனுக்குக் காதுகுத்து."

"இசை, வெத்தல ஈரமா இருக்கு..." என்று இழுத்தார் கணவர்.

அண்ணன் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "காதுகுத்தன்னைக்கு வெள்ளன வந்துர்றேன்த்தா" என்றார். என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்.