பூனைக்குப் பயம்

மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள், ஏழு வயது மகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் வீடு எப்படி இருக்கும்? ரணகளம்தான்.

வாசிப்பில் அவள் புலி. பென்சிலைக் கொடுத்தால் மட்டும் விரல்கள் விறைத்துவிடும். அழுத்துகிற அழுத்தில் தாள் கிழியும். அதற்காகவே பள்ளியில் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். வந்த பிறகு நான் மட்டும் என்ன செய்துவிட்டேன்? கத்தினேன். கத்திக் களைத்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: அவள் கதை சொல்வாள், நான் எழுதுவேன். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

இன்று கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். வீட்டுப் படிப்பு தொடரலாமா, மறுபடி பள்ளிக்கா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பாப்பா தானா எதாவது எழுதுவாளா?"

"இன்னும் இல்லைங்க. அவ சொல்வா, நான் எழுதுவேன்."

"சரி, அதையே பார்க்கலாம்."

புது ஆள் என்பதால் மகள் என் காதில்தான் கிசுகிசுத்தாள். "ஒரு பூனை இருந்துச்சு. எழுதற நேரம் வந்தா கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும்."

எழுதினேன்.

"ஏன்னா பூனைக்கு அம்மாவைக் கண்டா பயம்."

முகம் சுட்டது. எதிரே இருப்பவர் இதைப் படிப்பாரே! 'பூனைக்கு அம்மாவைக் கண்டால் சந்தோஷம்' என்று எழுதிவைத்தேன்.

மகள் எட்டிப் படித்தாள். "நான் அப்படிச் சொல்லல."

"பேசாம இரு, செல்லம்," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பென்சிலைப் பிடுங்கினாள். என் 'சந்தோஷம்' மீது ஒரே கோடு. பிறகு, நான் மெய்ப்பில் செய்வதுபோலவே, ஓரத்தில் சரியான சொல்லை எழுதத் தொடங்கினாள். 'ப' சாய்ந்து விழுந்தது. 'ய' வீங்கிப்போனது. 'ம்' மேல் வைத்த புள்ளி தாளைத் துளைத்தது. அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. தானாக எழுதிய முதல் சொல் அது.

அந்த அம்மாள் தாளை வாங்கிப் படித்தார். அடித்ததையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"தானாவே எழுதறாளே! இன்னும் ஒரு வருஷம் வீட்டிலேயே படிக்கட்டும்," என்று கையெழுத்துப் போட்டார். "ஆனா அவ சொல்றதை நீங்க மாத்தாதீங்க."

அவர் போன பின் கதவைச் சாத்தினேன். கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டப்போறியாம்மா?"

"இல்லடா."

"அப்போ, பயம் போயிடுச்சுன்னு எழுதட்டுமா?"

"நிஜமாவே போனப்புறம் எழுது," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "சரி," என்று பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.