களிமண்ணில் ரோவன்

மூக்கு அவனுடையது இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாமே என்று நினைத்த மறுகணமே, வேண்டாம், இன்னும் கொஞ்சம் கெட்டே போகட்டும், யாரோ ஒருவனாகவே இருந்துவிடட்டும் என்று மோரீன் மனதுக்குள் கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

பண்ணைக் கொட்டகையில் மேசைமேல் கிடத்தியிருந்த, களிமண் பூசிய பெரிய பலகையில் ஒரு முகத்தைச் செய்துகொண்டு, அதைச் சுற்றி ஊர்ப் பெண்கள் குனிந்திருந்தார்கள். ஈரக் களிமண்ணில் கன்னத்துக்கு வெளிறிய ரோஜா இதழ்கள், தலைமுடிக்குப் பாசி, சட்டைக்கு நீல ஹைட்ரேஞ்சியாப் பூக்கள். மழை வந்தால் தண்ணீர் வழிந்தோடும்படி, ஓடு வேய்வதைப் போலக் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இதழாகப் பதித்தார்கள். எப்போதோ ஒரு வறட்சியில் சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்தபோது இந்த ஊர் ஊற்று மட்டும் வற்றவில்லையாம். அந்த நன்றிக்கு ஒவ்வொரு கோடையிலும் ஊற்றின்மேல் ஒரு பூப்படம். ஈயச் சுரங்கத்துக்காரர்கள், போருக்குப் போனவர்கள், மூடிய பள்ளிக்கூடம் என்று ஊர்க்கதை முழுக்க அந்தப் பலகையில் ஏறி இறங்கியாயிற்று. இந்த வருஷம் ரோவன். நவம்பரில் மலைச்சாலைப் பனியில் பைக்கோடு சரிந்து இறந்துபோன, மோரீனின் ஒரே மகன்.

அவளை யாரும் கேட்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கி முடித்த பிறகு, பூவேலையை முன்னின்று நடத்தும் பெவர்லி ஒரு எலுமிச்சைக் கேக்கோடு வீட்டுக்கு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அழுகிறவளிடம் எப்படி வேண்டாம் என்பது? மோரீன் டீ போட்டுக் கொடுத்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சிறுமியாக இருந்தபோதிலிருந்தே அவளும் இதழ் பதித்தவள்தான்; படம் எப்படிக் கெட்டுப்போகும் என்பது தெரியும். வெயில் பட்டால் ஓரங்கள் முதலில் பழுப்பாகும். பிறகு களிமண் காய்ந்து விரிசல் விடும். வாரம் முடிந்ததும் தச்சர் டெரிக் மண்வாரியால் சுரண்டி எடுத்துப் பலகையைக் கழுவி வைத்துவிடுவார். நவம்பரில் அன்று ஆஸ்பத்திரியில், அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள். அவள் பார்க்கவில்லை. அதனால்தான் அவளுக்குள் அந்த முகம் இன்னும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. அவளிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

"பெவர்லி கை பட்டா எல்லா மூக்கும் உருளக்கிழங்குதான்" என்றார் டெரிக், களிமண் காயாமலிருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

"போன வருஷம் பிஷப்புக்கு நீங்க வெச்ச காதுக்கு இது எவ்வளவோ மேல். யானை பாத்திருந்தா வெக்கப்பட்டிருக்கும்" என்றாள் பெவர்லி.

கொட்டகை சிரித்தது. மோரீன் நிற்பது நினைவுக்கு வந்ததும் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

கண்கள் கடைசியில். படத்தில் இருப்பவரின் உறவுக்காரர் யாராவது இருந்தால் அவர் கையால்தான் வைக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பெவர்லி கண்களாக வைக்க உள்ளங்கையில் இரண்டு காப்பிக் கொட்டைகளை ஏந்தி வந்தாள். நகக்கண்ணெல்லாம் களிமண்.

"ரெண்டே ரெண்டுதான், கண்ணு. நீ வெச்சாத்தான் அவன் முழுசாவான். காலைல பாதிரியார் ஆசீர்வாதம் பண்ண வந்துடுவார்."

"பலகைய என் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேராத்தானே நிக்க வெப்பீங்க, பெவ்?"

"அதுக்குத்தான்டி இவ்வளவும்! வாரம் முழுக்க எந்திரிச்சதும் அவன் மூஞ்சில முழிக்கலாம்ல."

பெவர்லியின் முகத்தில் அன்பைத் தவிர எதுவுமே இல்லை. கொஞ்சம் பொல்லாத்தனம் இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். பலகையைத் தூக்கி எறிய முடியாது. ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போகவும் முடியாது. அவள் வைக்காவிட்டால் வேறு யாராவது வைக்கத்தான் போகிறார்கள்.

எல்லாரும் காத்திருந்தார்கள். மோரீன் பெவர்லியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கொட்டைகள்மேல் மூடினாள்.

"இல்ல பெவ். நான் வெக்கல."

பலகையில் கண்களுக்காக விட்டிருந்த, இதழ் படாத இரண்டு குழிகளிலும் டெரிக் தெளித்த தண்ணீர் தேங்கி, கொட்டகைக் கூரையின் விளக்கு அதில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.