ரங்கெலைத் தெரியாதவர்கள் தேவை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நெதெல்கா அக்கா கேட்டு எழுதுவது.

வாசகசாலை மேடைக்குப் பின்னால் நான் திரைக் கயிற்றின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். (நான் வந்து குடியேறிய இந்த அயல்நாட்டு ஊரின் நாடகக் குழுவில் என் வேலை திரையை இழுப்பது. மற்றவர் நடிப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஒரே ஆள் என்பதால் கிடைத்த பதவி.)

“தம்பி, நீ உங்க ஊர் பாஷையில கதை எழுதுவியாமே?”

“எப்பவாவது, அக்கா.”

“அதை இங்க யாரும் படிக்க மாட்டாங்கல்ல?”

“அங்கயே யாரும் படிக்கிறதில்ல.”

“வெளையாடாத. எனக்கு ரங்கெலைத் தெரியாத ஆள் வேணும். இந்த ஊர்ல அப்படி ஒருத்தன் கெடையாது. அடுத்த ஊர்லயும் கெடையாது. உன் ஆளுங்களுக்கு அவரத் தெரியாதுல்ல?”

ரங்கெல் அவள் கணவர். மேடையில் நிற்கும் கதவில் அவருடைய அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அவரை அறியாத ஒருவர் வந்து அதைக் கிழிக்க வேண்டும். அக்காவின் கோரிக்கை இவ்வளவுதான். ரங்கெல் உயிரோடுதான் இருக்கிறார். அதாவது, நேற்று சாயங்காலம் நான் பார்த்தபோது

(வேண்டாம். முறையாகத் தொடங்குகிறேன்.)

2

முதல் தொடக்கம்: ‘மலை மீது பனி இறங்கிய அந்த அந்தியில், கலையும் மரணமும் கைகோர்த்து’. அடித்துவிட்டேன். இது டாக்டர் கல்ச்செவின் நடை. தொற்றுகிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘ரங்கெல் சிரித்தால் அவருடைய மீசையின் இடது பக்கம்’. இதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. கதையின் முக்கியமான ஆளை வாசகர் அறியாதபடி எழுத வேண்டும். பல நாவலாசிரியர்களுக்கு இது இயல்பாகவே வருகிறது. நான்தான் சிரமப்படுகிறேன்.

ஆகவே டாக்டரிலிருந்து தொடங்குகிறேன். அவரை நீங்கள் எவ்வளவு தெரிந்துகொண்டாலும் ஆபத்தில்லை.

டாக்டர் கல்ச்செவ் பல் மருத்துவர். எங்கள் குழுவின் இயக்குநர், நாடகாசிரியர், தத்துவஞானி. ஊரில் பாதிப் பேர் அவர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி அவருடைய நாடகக் கொள்கைகளைக் கேட்டவர்கள். மறுத்துப் பேசும் நிலையில் அவர்கள் யாரும் இல்லாததால், தன் கொள்கைகளுக்கு மறுப்பே இல்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவர் எழுதிய நாடகத்தின் பெயர் ‘நித்தியத்தின் தாழ்ப்பாள்’. பயணம் போய்த் திரும்பும் மனைவி, வீட்டுக் கதவில் கணவனின் அஞ்சலி நோட்டீஸைப் பார்க்கிறாள். படிக்கிறாள். படித்த பிறகும் கதவைத் தட்டுகிறாள். மீதி நேரம் முழுக்கக் கதவோடு பேசுகிறாள். மனைவி, நெதெல்கா. கணவனுக்கு வசனம் இல்லை, மேடைக்கு வருவதும் இல்லை, நோட்டீஸில் முகம் மட்டும். அந்த வேடம் ரங்கெலுக்குக் கிடைத்தது.

டாக்டர் அச்சகத்துக்குப் போன் போட்டார். “பெஞ்சோ, நம்ம ரங்கெலுக்கு ஒரு நோட்டீஸ். படம் அனுப்பறேன். அவசரம்.” நாடகத்துக்கு என்று சொல்ல மறந்துவிட்டார். ஊரே தன் நாடகத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் நினைப்பு. பெஞ்சோ அழுதுகொண்டே ஒரு கட்டு அடித்தான். நாடகத்துக் கணவனின் கற்பனைப் பெயரைப் போடாமல், ரங்கெலின் சொந்தப் பெயரையே போட்டான். பஸ் நிறுத்தம், ரொட்டிக்கடை, விளக்குக் கம்பங்கள், ரங்கெல் வீட்டு வெளிக்கதவு என்று வழக்கம்போல எல்லா இடத்திலும் ஒட்டினான். மிச்சத்தை மரியாதையாக டாக்டரிடம் கொடுத்தான்.

காலையில் பக்கத்து வீட்டு த்ஸோன்கா ஒரு கிண்ணத்தோடும் கார்னேஷன் பூக்களோடும் வந்தாள். இரட்டைப்படையில். இங்கே உயிரோடிருப்பவருக்கு யாரும் இரட்டைப்படையில் பூ கொடுப்பதில்லை. கதவைத் திறந்தது ரங்கெல், பைஜாமாவில்.

“யாருக்கு இது?” என்றார்.

“உனக்குத்தாம்பா,” என்று பூவை நீட்டிவிட்டாள். அவர் வாங்கிக்கொண்ட பிறகுதான் அலறினாள்.

பெஞ்சோவை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். “யாராவது ஒரே ஒரு நோட்டீஸ் அடிப்பாங்களாய்யா? அடிச்சு எங்க ஒட்டுவீங்க, ஃபிரிட்ஜ்லயா?” என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

டாக்டருக்கு ஏக சந்தோஷம். “சொந்தப் பேரு! நிஜமான மனுஷன்! இதுதான் கலை!” என்று ஒன்றை எடுத்துத் தன் கையாலேயே மேடைக் கதவில் ஒட்டினார்.

3

நம் பக்கம் என்றால் ஓர் ஆடு வந்து விஷயத்தை முடித்து வைத்திருக்கும்.

இங்கே ஆளை அறிந்தவர்கள் அவருடைய நோட்டீஸைக் கிழிக்க மாட்டார்கள். கிழித்தால் அவரைத் தங்கள் கையாலேயே இன்னொரு முறை சாகடித்த மாதிரி. மழையும் காற்றும்தான் எடுக்க வேண்டும். வெளியே ஒட்டியவற்றை இலையுதிர்கால மழை கரைத்துக்கொண்டு போனது. மேடைக் கதவில் மழை விழாது. அந்த ஒன்று மட்டும் புத்தம் புதிதாக நின்றது.

“ஒரே ஒரு தாளு. எடுத்துடுங்க டாக்டர்,” என்றாள் நெதெல்கா.

“நான் அறிவியல் படிச்சவன்மா. இதெல்லாம் மூடநம்பிக்கை.”

“அப்ப நீங்களே கிழிங்க.”

டாக்டர் கதவருகே போனார். கண்ணாடியைச் சரிசெய்தார். ஆடும் பல்லைப் பார்ப்பதுபோல் தாளின் ஓரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார். “அரங்க அமைப்போட ஒருமை கெட்டுடும்,” என்றார்.

“கதவோட தூக்கி மழையில வெச்சிடறேன்.”

“மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கோம்! கதவு இல்லன்னா இந்த நாடகத்துல என்னம்மா இருக்கு?”

தன் நாடகத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை.

கடைசியில் ரங்கெலே ஒரு மதியம் தனியாக மேடையேறினார். நெதெல்கா கீழே நின்று பார்த்தாள். கையை உயர்த்தினார், தாள் வரைக்கும் கொண்டுபோனார், இறக்கினார்.

“முடியல நெதா.”

“ஏன்யா?”

“என்னை எனக்கு ரொம்ப நாளாத் தெரியுமே.”

4

இனி அவள் பார்த்தவை.

வாராவாரம் அவர் ஆசையாகச் சாப்பிடும் பனிட்ஸா, பாலாடைக்கட்டி வைத்துச் சுடும் அடை, தட்டில் ஆறிக் கிடந்தது. என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“அன்னிக்கு த்ஸோன்கா ஒரு கிண்ணம் கொண்டாந்தாளே. வேகவெச்ச கோதுமை. வால்நட் போட்டு.”

“அது செத்தவங்களுக்குச் செய்யறது.”

“தெரியும். நல்லா இருந்துச்சு.”

அவள் செய்து கொடுக்கவில்லை. ஆனால் வேறு யாரோ கொடுத்தார்கள். வீட்டு வாசலில் கிண்ணங்கள் வந்தபடி இருந்தன. த்ஸோன்காவைக் கேட்டால், “நான் வெக்கலக்கா, சத்தியமா,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் ஒப்பனை அறையில் ரக்கியா சாராயம் குடிக்கும்போது, வசனம் எடுத்துக்கொடுக்கும் கீனா தன் கோப்பையிலிருந்து ஒரு சொட்டைத் தரையில் விட்டாள். இறந்தவரை நினைத்துச் செய்வது அது. ரங்கெல் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

“ஏய் கீனா, ஆள் இங்க இருக்கேன்!” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீனா அதிகம் சிரித்தாள்.

அடுத்த ஒத்திகையில் எல்லோரும் ஒரு சொட்டு விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ரங்கெல் தரையில் பரவிய ஈரத்தைப் பார்த்தார்.

“நன்றி,” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் நெதெல்கா பயந்தாள். சமையலறையில் கேட்டுப் பழகிய குரல்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுபோல் இருந்ததாம்.

5

நடிக்கும்போது அவள் மேடைக் கதவைத் தட்டுவாள். மும்முறை. பதில் இருக்காது, இருக்கக் கூடாது, அதுதான் டாக்டரின் தத்துவம். ஒரு நாள் பதில் வந்தது. உள்ளேயிருந்து, நிதானமாக, மும்முறை.*

நெதெல்கா வசனத்தை மறந்தாள். திரும்பிப் பார்த்தாள். ரங்கெல் அரங்கில் முதல் வரிசையில், மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரு பக்கமும் இருந்த நாற்காலிகள் காலி.

“அபாரம்!” என்று எழுந்து கத்தினார் டாக்டர். “அந்தத் தட்டல் யாரோட யோசனை? அப்படியே வெச்சுக்கலாம்!”

* கதவுக்குப் பின்னால் இருந்தது நானும் கயிறும் மட்டும். என் இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன. இதற்கு மேல் ஓர் அடிக்குறிப்பால் என்ன சொல்ல முடியும்?

6

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. நெதெல்கா நல்ல நடிகை. எங்கள் குழுவில் அது அரிதான குறை. பிரிய மனமில்லாத ஒருத்தி, எல்லோரையும் போல வயதாகிக்கொண்டிருக்கும் கணவனைப் பார்த்து இப்படிக் கதை கோத்துக்கொள்கிறாளோ? இந்தக் கோணத்தில் ஒரு பத்தி எழுதினேன். எழுதி முடித்து வாசகசாலைக்குப் போனால், வாசலில் ரங்கெல் எனக்குக் கை கொடுத்தார். கை குளிர்காலத்துக் கம்பி மாதிரி

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

சில முடிவுகளை யோசித்தேன். கூரை ஒழுகி நோட்டீஸ் நனைந்து விழுவது: இயற்கையான முடிவு, எங்கள் வாசகசாலைக் கூரையும் அதற்கு ஏற்றதுதான். ஆனால் போட்டிக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்கள் என்று நகராட்சி கூரையைச் சரிசெய்துவிட்டது. ஒரு முறைகூட வேலை செய்யாத நகராட்சி, வேலை செய்யக் கூடாத சமயம் பார்த்துச் செய்தது.

நடுவர்கள் கிழிப்பது: தலைநகரிலிருந்து வருபவர்கள், ரங்கெலை அறியாதவர்கள். நெதெல்கா இதைத்தான் நம்பியிருந்தாள். இன்று மத்தியானம் நடுவர்கள் காரிலிருந்து இறங்கினார்கள். அவள் தலைமை நடுவரை நோக்கி ஓடினாள். டாக்டர் முந்திக்கொண்டார். ரங்கெலின் தோளில் கைபோட்டு, நடுவர் ஒவ்வொருவரிடமும் அழைத்துப் போனார்.

“இவருதான் எங்க பிணம்! கை குடுங்க, கை குடுங்க! அருமையான மனுஷன்!”

எல்லோரும் கை கொடுத்தார்கள். அருமையான மனிதனைத் தெரிந்துகொண்டார்கள்.

நெதெல்கா மேடைக்குப் பின்னால் வந்து, என் பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

“எழுதிட்டியா தம்பி?”

“எழுதிக்கிட்டே இருக்கேன்.”

“அவரப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?”

“சொல்லல,” என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

“இன்னிக்கு அவர் தொப்பியை வீட்லயே விட்டுட்டு வந்துட்டாரு. ஏன்யான்னு கேட்டேன். இனிமே தேவைப்படாதுங்கறாரு.”

7

இப்போது நாடகம் நடக்கிறது. அரங்கு நிறைந்திருக்கிறது. முதல் வரிசையில் ரங்கெல் உட்கார்ந்திருந்த நாற்காலியை இங்கிருந்து பார்க்கிறேன். யாரோ அதில் கோட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அவர் எழுந்து போனதை நான் பார்க்கவில்லை.

நெதெல்கா நோட்டீஸைப் படித்துவிட்டாள். தட்டிவிட்டாள். உள்ளேயிருந்து மும்முறை பதில் வந்துவிட்டது. நடுவர்கள் எதையோ ரசித்துக் குறித்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் அவளுடைய நீண்ட புலம்பல் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. கீனா ஓரத்திலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுக்கிறாள், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. கதவிலிருந்து ஒதுங்கி, இன்னொருவர் வந்து நிற்க இடம் விட்டு நிற்கிறாள்.

அந்த இடம் உங்களுக்குத்தான்.

தாளின் கீழ் ஓரம் பசை காய்ந்து எழும்பியிருக்கிறது. விரல் நுழையும். ஒரே இழுப்பில் வந்துவிடும். உங்களுக்கு ரங்கெலைத் தெரியாது. அவர் மூக்கு எப்படி என்று நான் சொல்லவில்லை. என்ன வேலை பார்த்தார், எதற்காக நெதெல்காவைக் கட்டிக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை. வேகவைத்த கோதுமை பிடித்திருந்தது என்று சொன்னேன். தரையில் சிந்தியதற்கு நன்றி சொன்னார் என்று சொன்னேன். தொப்பி தேவைப்படாது என்று அவர் சொன்னதையும் எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆகவே கை வைப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால், தாராளமாகக் கிழிக்கலாம். அவர் நாற்காலிக்குத் திரும்பி வரட்டும். ஆனால் ‘ஐயோ, பாவம் மனுஷன்’ என்று எங்கேயாவது ஒரு வரியில் நினைத்திருந்தீர்கள் என்றால், நீங்களும் அவரைத் தெரிந்தவர்தான். தொடாதீர்கள். தொட வேண்டும் என்று துடிப்பவர்களுக்குத்தான் அந்த உரிமை இல்லை. நான் என்ன செய்வேன், சட்டம் என்னுடையதல்ல.

கதவுக்குப் பின்னால், என் தோளுக்கு மிக அருகில், யாரோ மூச்சு விடுகிறார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கயிறு இரண்டு கைகளிலும் இருக்கிறது. திரையை இழுக்கச் சொல்லி டாக்டர் அந்த ஓரத்திலிருந்து சைகை காட்டுகிறார். நான் இழுக்கவில்லை.

நெதெல்கா, உதட்டை அசைக்காமல், நடிகர்களுக்கே உரிய அந்தத் தாழ்ந்த குரலில் கேட்கிறாள்:

“தம்பி, படிச்சு முடிச்சிட்டாங்களா?”