பலகைக்கு இருபுறமும்

வைகறையின் சாம்பல்நிறம் மெல்ல மெல்லக் கரைந்து, கீழ்வானத்து ஓரத்தில் செம்பொன் கசியத் தொடங்கிய பொழுதில், கண்ணுக்கெட்டும் தொலைவுவரை அலையின்றிக் கிடந்த அப்பெரிய ஏரி, அப்போதுதான் துடைத்து வைத்த தட்டைப்போல் வானத்தை வாங்கி வானத்துக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கரையோரத்து நாணலில் நீர்ப்பறவைகள் சிறகுலர்த்த, கட்டுத்துறையில் நின்ற உலாப்படகுகள் ஒன்றையொன்று தோளால் இடித்துத் துயில் கலைந்துகொண்டிருக்க, அவற்றின் பின்னே தகரக்கூரை வேய்ந்த நீண்ட கொட்டகையில், நீரை விட்டுக் கரையேறிய பழைய பாய்ப்படகொன்று மரக்கட்டைகளின்மேல், மருத்துவரை எதிர்நோக்கியிருக்கும் முதியவளைப்போல் அமைதியாய் அமர்ந்திருந்தது.

அப்படகுக்கு உரியவர் இருவர். ஒருவர் தையற்காரர், ஒல்லியான உடலும், ஊசித்துளையை ஒரே முயற்சியில் காணும் விரல்களும் உடையவர். மற்றவர் மூக்குக்கண்ணாடி செய்து விற்பவர். பருத்த உடலும் பொறுத்த குணமும் வாய்ந்தவர். முன்னவர் மகளைப் பின்னவர் மகனுக்குக் கொடுத்த நாள்முதல் இருவரும் கொண்டான் கொடுத்தான் ஆகி, ஒருவரையொருவர் 'சம்பந்தி' என்று விளிக்கலாயினர். திருமண வீட்டில் ஒருவர்க்கொருவர் பேச ஒன்றுமின்றி, சாளரத்துக்கு வெளியே தெரிந்த ஏரியைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள், பந்தி முடியுமுன் படகொன்றை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார்கள் என்றால், படிப்பவரே, நீவிர் நகைப்பீர். அவர்தம் மனைவியரும் நகைக்கவே செய்தனர்.

வாங்கிய படகோ வண்ணப்பூச்சால் வயதை மறைத்திருந்தது. பூச்சைச் சுரண்டியபோதே உண்மை வெளிப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிய அடுக்கிய பலகைகளுள் அடியில் இருந்தவை நனைந்த அப்பம்போல் விரல்பட்ட இடத்தில் குழிந்தன. அவற்றைப் பிணைத்திருந்த செப்பாணிகள் பச்சை பூத்து, நடுவே தேய்ந்து, நூலாகியிருந்தன. சுக்கானின் கீல்கள் ஆடி ஆடிப் பல்விழுந்த கிழவன் வாய்போல் அகன்றிருந்தன. சலிக்காமல் இருவரும் உழைத்தனர். கீல்களை மாற்றினர், கிழிந்த பாயைத் தையற்காரர் இரட்டைத் தையலிட்டு உறுதியாக்கினார், இற்ற பலகைகளைக் கழற்றி, புதிய மரத்தை நீராவியில் இளக்கி வளைத்து, கவ்விகளால் இறுக்கிப் பொருத்தினர். ஆணி அடிப்பது ஒன்றே எஞ்சியிருந்தது.

அவ்வேளையில்தான் இடி விழுந்தது. பிள்ளைகள் இருவரும், கூச்சலில்லாமல், குற்றச்சாட்டில்லாமல், பிரிந்து வாழ்வதென்று முடிவெடுத்து, அவரவர் வீட்டில் அறிவித்தனர். மகள் பெட்டியோடு வந்து தன் பழைய அறையில் தங்கினாள். ஏன் என்று தந்தை கேட்கவில்லை. கேளாமலே அவள் தட்டில் சோற்றைக் கூடுதலாய் வைத்தார்.

"படகாவது கிடகாவது! இனிமே அவங்க யாரு, நாம யாரு? அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதீங்க," என்றாள் மனைவி.

தையற்காரரும் சில நாள் அவ்வாறே இருந்தார். துணியை வெட்டினார், அளவை மறந்தார், மறுபடி வெட்டினார். சினம் இருந்தது, ஆனால் அது யார்மேல் என்று தேடிப்பார்த்தபோது, உட்கார இடமின்றி அலையும் ஈயைப்போல் அது எங்கும் நிலைகொள்ளவில்லை. அதனினும் அவரை அரித்தது வேறொன்று: ஆணி ஏறாத பலகை, கவ்வியின் பிடியிலேயே காய்ந்து, முறுக்கிக்கொண்டு பிளந்துவிடுமே! ஆகவே, மேலே நாம் கண்ட அவ்வைகறையில், மனைவி விழிக்குமுன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கொட்டகையில் முன்னமே ஒருவர் இருந்தார். செப்பாணி அடிப்பது ஒற்றை ஆள் செய்யும் பணி அன்று. வெளியே ஒருவர் ஆணித்தலையின்மேல் கனத்த இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒருவர் ஆணிமுனையில் செப்பு வட்டைக் கோத்து, மிகுதியை நறுக்கிச் சுத்தியலால் தட்டி மடக்கவேண்டும். கண்ணாடிக்காரரோ இரும்புக்கட்டிக்கு மூங்கிலால் முட்டுக்கொடுத்துவிட்டு, தம் பருவுடலைத் திணித்துப் படகுக்குள் ஏறி ஒரு தட்டுத் தட்டுவதும், கட்டி விழும் ஓசை கேட்டு இறங்கி வருவதுமாய் வியர்த்து நின்றார். வளைந்துபோன ஆணிகள் காலடியில் சிதறிக்கிடந்தன.

"ரெண்டு ஆளு வேலைய ஒத்த ஆளு செஞ்சா இப்படித்தான்," என்றார் தையற்காரர், வாயிலில் நின்றபடி.

"வருவீங்களோ மாட்டீங்களோன்னு…" என்று தொடங்கிய கண்ணாடிக்காரர், வழக்கமான விளிச்சொல்லை நாவின் நுனிவரை கொண்டுவந்து, அது இன்னும் தமக்கு உரியதா என்று ஐயுற்று விழுங்கிவிட்டார்.

தையற்காரர் படகுக்குள் ஏறி, தம் தையற்பொறியின்முன் அமர்வதுபோல் குறுகி அமர்ந்தார். வெளியிலிருந்து ஒரு தட்டு வந்தால் இரும்பு பிடித்தாயிற்று என்று பொருள். தட்டு வந்தது; இவர் அடித்தார். பலகை இடையில் நிற்க, ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியாதிருந்தது இருவர்க்கும் வசதியாகவே இருந்தது.

"என் பையன் மேல கோவமா?" என்றது வெளியே ஒரு குரல், சில ஆணிகள் ஏறிய பின்.

"கோவப்படுறதுக்கு அவர் ஒண்ணும் பண்ணலையே. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

"எனக்கும் அதேதான். வீட்டுல உக்காந்தா யாரையாவது திட்டணும் போல இருக்கு. யாரைத் திட்டுறதுன்னு தெரியல."

மீண்டும் சுத்தியல் ஒலித்தது. அவ்வொலியின் மறைவில்தான், படிப்பவரே, தையற்காரர் அறியாத ஒன்று வெளியே நிகழ்ந்தது. தந்தையை வீட்டுக்கு அழைத்துவரத் தாயால் அனுப்பப்பட்ட மகள் கொட்டகைக்குள் நுழைந்தாள். கண்ணாடிக்காரர் அவளைக் கண்டார். வாவென்று அழைக்கவும் உரிமையின்றி, அழையாதிருக்கவும் மனமின்றி, இரும்புக்கட்டியோடு திகைத்தார். அவர் பிடியில் கட்டி சரிவதைக் கண்ட அவள், "குடுங்க மாமா, நான் புடிக்கிறேன்," என்று மெல்லச் சொல்லி, கட்டியை வாங்கி ஆணித்தலையில் அழுத்தினாள். 'மாமா' என்ற அச்சொல்லைக் கேட்ட அம்மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வாயிற்பக்கம் போய் ஏரியைப் பார்த்து நின்றுவிட்டார்.

உள்ளே இருந்தவர்க்கு இரும்பு முன்னைவிட அசையாமல் நிற்பது மட்டுமே தெரிந்தது. அந்த உறுதியில் நம்பிக்கை பிறந்ததுபோல் அவர் பேசத் தொடங்கினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா சம்பந்தி? அவ வந்ததுலேர்ந்து நான் ஒரு வார்த்தை கேக்கல. சாப்பிட்டியான்னுதான் கேக்குறேன். ஏன்மான்னு கேட்டா அழுதுடுவாளோன்னு பயம். ஊருக்கே அளவெடுக்குறேன், என் பொண்ணு மனசு எவ்வளவு கனமா இருக்குன்னு தெரியல."

இரும்பு ஆணியின்மேல் இருந்தபடியே இருந்தது.

"கேளுங்கப்பா," என்றது பலகை.

சுத்தியல் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. எழுந்து எட்டிப்பார்க்க முனைந்த அவர், ஏனோ எழவில்லை. முகம் பார்த்தால் இருவரும் வாய் மூடிவிடுவார்கள் என்று அவர் உள்ளம் அறிந்திருந்தது. பலகையின்மேல் உள்ளங்கையை வைத்து, "ஏன்மா?" என்றார்.

"அவரும் நல்லவர்தான்பா. நானும் கெட்டவ இல்ல. ஆனா ஒரே வீட்டுல இருந்தா ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது. சிரிச்சு சிரிச்சு நடிச்சே களைச்சுட்டோம். உங்க ரெண்டு பேர் படகும் பாதியில நின்னுடுமேன்னுதான் இவ்வளவு நாள் சொல்லாம இருந்தோம்."

அவள் அழுதாள், அவரும் அழுதார், ஆயினும் அஞ்சியபடி வானம் இடிந்து வீழவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இரும்பு கனக்குதுப்பா. அடிக்கப் போறீங்களா இல்லையா?" என்றாள். தந்தை அடித்தார். நண்பகல்வரை மகள் பிடிக்கத் தந்தை அடிக்க, கண்ணாடிக்காரர் ஆணி எடுத்துக்கொடுக்க, ஆணிவரிசை முழுமையும் முடிந்தது. வீட்டில் தாய் வைத வசவுகள் தனிக்கதை.

அவ்வாண்டு மழைக்கு முன்னரே பிள்ளைகள் முறைப்படி பிரிந்தனர். அதைத் தடுக்க யாராலும் இயலவில்லை. தந்தையர் முயலவும் இல்லை.

படகை நீரில் இறக்கிய நாளில், கட்டுத்துறைக் காவலர் கயிற்றை அவிழ்த்தபடி, "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் தயங்கினார். "சம்பந்தி," என்றார் தையற்காரர், பாயை ஏற்றிக்கொண்டே. "எங்களுக்குள்ள யாரும் எதையும் முறிச்சுக்கல."

காற்று மெல்ல வந்து பாயை நிறைத்தது, கரை பின்வாங்கியது. புதுப்பலகை பழம்பலகையோடு சேரும் இடுக்குகளில் நீர் முத்துமுத்தாய் அரும்பி, கோடாய் இழிந்து, காலடியில் தேங்கிற்று. உலர்ந்த மரம் நீரைக் குடித்துப் பருத்துத் தன் இடுக்கைத் தானே அடைத்துக்கொள்ளும்வரை அது அப்படித்தான் கசியும் என்பதை இருவரும் அறிவர், ஆதலின் அஞ்சவில்லை. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, ஒருவர் குவளையால் நீரை முகந்து ஏரிக்கே ஊற்ற, கை சோர்ந்தபோது இடம் மாறி அமர்ந்து, பேசியும் பேசாதும் அவர்கள் சென்றனர். மாலைக்கதிர் சாயும் பொழுதில் கசிவு குறைந்திருந்தது, முற்றும் நின்றுவிடவில்லை. மிஞ்சிய ஈரத்தைப் பொறுத்துக்கொண்டு, இருந்த காற்றைக் கொண்டு, அப்படகு ஒளிரும் நீர்ப்பரப்பில் நெடுந்தொலைவு போயிற்று.