சேராத கல்லூரிக்கு ஒரு பேருந்து

"இன்னிக்கும் நான் அந்த பஸ்ல ஏறினேன்னா, செய்முறைப் பரீட்சை எழுத விடமாட்டாங்கப்பா. எண்ணிப் பார்த்துட்டேன். வராம இருக்க விடற பன்னெண்டு நாளும் தீர்ந்துபோச்சு."

"கத்தாதே. இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கு வேற வழி யோசிக்கலாம்."

"இதையே பத்து வாரமா சொல்றீங்க."

"பத்து வாரம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியலையா?"

இவ்வளவும் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று காலை எங்கள் காதில் விழுந்தது மோட்டார் சத்தம் மட்டும்தான். அந்த வீட்டுக்காரர் பல்செட் செய்பவர். முன்னறையில் பட்டறை. செய்து முடித்த பல்லுக்கு மெருகு போட ஒரு சின்ன மோட்டார் வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு யாரும் பல்லுக்கு மெருகு போடமாட்டார்கள். ஆகவே ஏழு மணிக்கு மோட்டார் ஓடினால் உள்ளே சண்டை என்று அர்த்தம். எதற்குச் சண்டை என்பதுதான் பத்து வாரமாகப் பிடிபடவில்லை. தெருவுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஒரே மகள். பக்கத்திலிருந்த சின்னக் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. கெட்டிக்காரி. நகரத்தின் மறுகோடியில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. கம்பெனிக்காரர்கள் அங்கே நேராக வந்து ஆள் எடுப்பார்கள், சின்னக் கல்லூரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நடுவில் மாறிப் போவதற்கு அங்கே சில இடங்கள் உண்டு என்று கேள்விப்பட்டு அவளேதான் விண்ணப்பம் போட்டாள், நேர்காணலுக்கும் போய்வந்தாள். நன்றாகச் செய்ததாக வீட்டில் சொன்னாள். அதுவரை ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் அப்பாவின் வாயில் இருந்தது. அவர் தொழிலில் ஒரு வசதி உண்டு. அச்சு எடுப்பதற்கு வாய் நிறைய மெழுகை வைத்து, "கடிச்சுக்கிட்டே இருங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டால், பத்து நிமிடம் எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தை பேசமுடியாது. அந்தப் பத்து நிமிடமும் அவருக்குச் சொந்தம். நேர்காணல் முடிந்த மறுநாளே, "பொண்ணுக்குப் பெரிய எடத்துல கிடைச்சாச்சு" என்று ஆரம்பித்தார். எப்போது, எந்தத் துறையில், கடிதம் வந்ததா என்று யார் கேட்பது? வாயில் மெழுகு. ஒரு வாரத்தில் பன்னிரண்டு தாடைகள் வழியாகச் செய்தி எங்கள் தெருவையும் தாண்டிப் போயிற்று. பல்கலைக்கழகச் சின்னம் போட்ட பை ஒன்றையும் வாங்கி மகள் தோளில் மாட்டிவிட்டார்.

அப்புறம்தான் கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது இடம்.

"சொல்லிட்டதை எப்படித் திருப்பி வாங்கறது" என்று அன்று இரவு அவர் சாப்பிடவில்லையாம். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவர். கறைபட்ட துணியை அன்றைக்கே அலசிவிட்டால் போய்விடும், ஆறவிட்டால் போகாது என்று அவர் சொல்லிப்பார்த்தார். கேட்டால்தானே. யோசித்து யோசித்து மனிதர் ஒரு திட்டம் போட்டார். இடம் கிடைக்கும்வரை, மகள் காலையில் பெரிய பல்கலைக்கழகம் போகும் பேருந்தில் ஏற வேண்டும். கண்மறைந்ததும் இறங்கிச் சின்னக் கல்லூரிக்குப் போய்க்கொள்ளலாம். இரண்டே வாரம்.

அந்த இரண்டு வாரம் பத்து வாரமாயிற்று. சாலையின் இந்தப் பக்கம் ஒரு நிறுத்தம், எதிர்ப்பக்கம் ஒரு நிறுத்தம். அவள் படிக்கும் கல்லூரிக்கு எதிர்ப்பக்கம் ஏறினால் கால் மணி நேரம். இவள் தினமும் இந்தப் பக்கம் ஏறி, நான்காவது நிறுத்தத்தில் இறங்கி, மேம்பாலப் படிகளில் ஏறி மறுபுறம் இறங்கி, திரும்பி வரும் பேருந்துக்காக நின்றாள். அது எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். தெருமுனை வரும்போது செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வாள். வாரம் இரண்டு நாள் முதல் மணியில் செய்முறை வகுப்பு. ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திவிடுவார்கள். நிறுத்தத்தில் தெரிந்த முகம் இல்லாத நாள்களில் மட்டும் நேரே போனாள். மற்ற நாள்களில் சாத்திய கதவின் கண்ணாடி வழியே, தன் மேசையில் தன் கூட்டாளி தனியாகக் குடுவையை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. அங்கே சாப்பாடு எப்படி, நூலகம் எத்தனை மாடி, பையன்கள் எப்படி என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டோம். பாவம், அவள் நூலகத்துக்கு ஐந்து மாடி கட்டினாள். மூன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

அன்றைய சண்டைக்குக் காரணம் இன்ஷூரன்ஸ் அம்மா. எதிர்வீட்டுக்காரர், பாலிசி விற்பவர், எங்களுக்குள் வாய் வேகத்தில் முதலிடம். அவர் மகன் போன வருடமே இதேபோல் இடையில் மாறி அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தான். முதல்நாள் சாயங்காலம் அந்தம்மா வாசலில் நின்று, "நாளைக்கு எனக்கு அந்தப் பக்கம்தான் வேலை. உன்கூடவே வர்றேன்டி, பேசிக்கிட்டே போலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளை செய்முறை வகுப்பு. நான்காவது நிறுத்தத்தில் எப்படி இறங்குவது?

மோட்டார் நின்றது. மகள் சின்னம் போட்ட பையோடு வெளியே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பேருந்தில் இன்ஷூரன்ஸ் அம்மா அவளை ஜன்னலோரம் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மகன் வழக்கம்போலக் கடைசி இருக்கையில். நான்காவது நிறுத்தம் வந்தது, போயிற்று. மேம்பாலம் தலைக்கு மேலே போயிற்று. ஆய்வுக்கூடக் கதவு சாத்தும் நேரத்தில் அவள் நகரத்தின் பாதியைத் தாண்டியிருந்தாள். அந்தம்மா குடும்பப் பாலிசியின் நன்மைகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக வாசலில் இறங்கினாள். அந்தம்மா இறங்கவில்லை, அடுத்த நிறுத்தம். ஆனால் பேருந்து நகரும்வரை கை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆகவே உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். காவலாளி அடையாள அட்டை கேட்டார். பையைப் பார்த்தார், மறுபடியும் அட்டை கேட்டார். அவள் பைக்குள் கையை விட்டு இல்லாததைத் தேடிக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து இன்ஷூரன்ஸ் மகன் வந்து, தன்னைப் பார்க்க வந்தவள் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே கூட்டிப்போனான்.

"தினமும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றான். "நாலாவது ஸ்டாப்பு."

"அம்மாகிட்ட சொல்லலையா?"

"எங்கம்மாகிட்ட சொல்லாதது எவ்வளவோ இருக்கு. பழைய காலேஜுல படிச்ச ஒரு வருஷத்துல பாதிப் பாடத்தை இங்க ஏத்துக்கல. நான் இன்னும் ரெண்டாவது வருஷப் பசங்ககூடத்தான் உட்கார்ந்திருக்கேன். வீட்ல மூணாவது வருஷம்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவள் அங்கேயிருந்த சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தாள். ஆசைப்பட்ட இடத்துக்குள்தான் இருந்தாள். ஆனால் அங்கே வகுப்பில் உட்கார அவளுக்கு இடம் இல்லை. வெளியே போனால் செய்முறை வகுப்பும் முடிந்திருக்கும்.

இதே நேரத்தில் பட்டறையில் அப்பா ஒரு தாடைக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆளை முகத்தால் தெரியாது, தாடையால்தான் தெரியும். பதிவு நோட்டில், 'கீழ்வரிசை, நான்கு பல், அகலத் தாடை' என்று மட்டும் எழுதியிருந்தார். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். சண்டையில் ஜெயித்த களிப்போ, குற்ற உணர்ச்சியோ, அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினார். சுவரில் மாட்டியிருந்த மகள் படத்தைக் காட்டி, ஓட்டைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள் என்றும், அங்கே இருந்திருந்தால் காலத்துக்கும் சோடா பாட்டில்தான் கழுவியிருப்பாள் என்றும், பத்து வாரமாகப் பெரிய இடத்தில் ஜம்மென்று படிக்கிறாள் என்றும் சொன்னார். அகலத் தாடை படத்தையே பார்த்தது. ஏதோ சொல்ல வந்தது. "அசையாதீங்க" என்றார் இவர்.

மெழுகை எடுத்ததும் அவர் வாய் கொப்பளித்தார், கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். நிதானமாகத்தான் பேசினார்.

"அந்த ஓட்டைக் காலேஜுல வேதியியல் துறைத் தலைவர் நான்தான். செய்முறை வகுப்பு மட்டும்தான் நான் எடுக்கறேன். உங்க பொண்ணு அதுக்கு ஏன் பாதி நாள் வர்றதில்லைன்னு ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப புரிஞ்சுது. சந்தோஷம். நல்லாப் படிக்கிற பொண்ணு."

அப்பாவின் கையில் மெழுகு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆனா ரெண்டு எடத்துல பேர் வச்சிருக்கக் கூடாதுங்க. நேத்துகூட ஒரு பொண்ணு எடம் கேட்டு வந்து நின்னுச்சு. இன்னிக்குப் போனதும் உங்க பொண்ணு பேரை எடுத்துட்டு அதுக்குக் கொடுத்துடறேன். ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா வேலை சுலபம்."

இவர் 'சரிங்க' என்று சொன்னார். அதுதான் கொடுமை. பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. நோட்டிலிருந்து ஒரு தாளையும் கிழித்தார். பேனாவைத் திறந்தார். மகளின் பெயரை எழுதினார். பிறகு, 'எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துள்ளார்' என்று எழுதவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. இதை எழுதினால் மகளுக்கு அங்கேயும் இடம் இல்லை, இங்கேயும் இடம் இல்லை. எழுதாவிட்டால் பெஞ்சு பார்த்துக்கொண்டிருக்கிறது.

"சார்" என்றார். பேனாவை மூடி வைத்தார். மறுபடி, "சார், அவ அங்க சேரல."

பெஞ்சில் ஒருவர் காதுக் கருவியைத் திருகிக்கொண்டார்.

"கிடைக்கல சார். பட்டியல்ல ஒன்பதாவது எடம். நான்தான் எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். நான்தான் அவளை அந்த பஸ்ல ஏத்தி அனுப்பறேன். அவ தினமும் உங்க காலேஜுக்குத்தான் வர்றா, கதவு சாத்தினப்புறம் வர்றா. பேரை எடுத்துடாதீங்க."

தலைவர் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெயர் இருக்கும் என்றார். ஆனால் இன்றோடு பதின்மூன்று நாள் ஆகிவிட்டது, விதி விதிதான், செய்முறைத் தாளை மட்டும் அடுத்த வருடப் பிள்ளைகளோடுதான் எழுத வேண்டும் என்றார். வாசல்படி இறங்கும்போது, "பல்லு எப்ப தயாராகும்?" என்று கேட்டார்.

பெஞ்சுக்காரர்கள் மூவரும் அன்று பல் கட்டிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போனார்கள். சொல்ல வேண்டிய அவசர வேலை இருந்தது.

சாயங்காலம் மகள் வந்தபோது தெருவே வாசலில் நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். அப்பா எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பு மாதிரி ஏதோ கேட்டார். மோட்டார் ஓடவில்லை, ஜன்னலும் திறந்திருந்தது. அதனால் அவள் சொன்னதை நாங்கள் நேராகவே கேட்டோம்.

"பெரிய எடத்துக்குப் போகணும்னு எனக்கும்தான் ஆசைப்பா. போட்டி போட்டேன், கிடைக்கல. அதுல எனக்கு வெட்கம் இல்லை. ஆனா நீங்க என்னை ஊர் வாய்க்குள்ள அனுப்பி வச்சுட்டீங்க. அங்கேயிருந்து வெளிய வர்றதுக்கு எந்த பஸ்ஸும் இல்லை."

அம்மா சுருக்கமாக முடித்தார். "பிள்ளைங்க படிப்பு பிள்ளைங்களுக்கு. நாலு பேர்கிட்ட பெருமை பேசறதுக்குன்னு அதை எடுத்தா, படிப்பும் போகும், பிள்ளையும் போகும். இனிமே எவளாவது எந்தக் காலேஜுன்னு கேட்டா, என்ன படிக்கறான்னு கேளுங்கன்னு சொல்லுங்க."

எவளாவது என்றது எங்களைத்தான். நியாயம்தான். அவர் பொய் சொன்னார் என்றால், அந்தப் பொய்க்குத் தினமும் தீனி போட்டது நாங்கள். பொய் சொன்னவரை மட்டும் திருத்திப் பயனில்லை. கேட்கிற வாய்களும் திருந்த வேண்டும்.

மறுநாள் காலை அவள் எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றாள். சின்னம் போட்ட பைக்குப் பதிலாகப் பழைய துணிப்பையை மாட்டியிருந்தாள். இரண்டு மாதம் கழித்துப் பெரிய இடத்திலிருந்து கடிதம் வந்தது: இடம் காலியாயிருக்கிறது, இரண்டாம் ஆண்டை மறுபடி படிக்க வேண்டும், சம்மதமா? இரண்டு நாள் யோசித்து அவளே பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியாமல் அந்த இரண்டு நாளும் எங்களுக்குத் தூக்கமில்லை. வேண்டாம் என்று எழுதியிருந்தாள். அப்பா, தலையங்கம் படிப்பவர்போலத் தினசரியை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஷூரன்ஸ் மகனும் அந்த வாரமே வீட்டில் உண்மையைச் சொன்னான். அந்தம்மா மூன்று நாள் பாலிசி விற்கப் போகவில்லை. அவனுக்கும் இவளுக்கும்தான் கல்யாணம் என்று நாங்கள் தேதிவரை முடிவுசெய்து வைத்திருந்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை. அவன் ஒரு வருடம் தாமதமாகப் படிப்பை முடித்து, கூடப் படித்தவளைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனான், அம்மாவையும் கூட்டிக்கொண்டான். இவள் விட்டுப்போன தாளையும் எழுதித் தேறி, குடிநீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே நீரேற்று நிலையத்தில் பம்பு இயக்கும் ஒருவரை மணந்து அணைக்கட்டு ஊருக்குக் குடிபோய்விட்டாள். அவர் எந்தக் கல்லூரியில் படித்தவர் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவேண்டும் என்று நாக்கு துடிக்கிறது, கேட்கவில்லை.