நடுத்தாள்

அண்ணனுக்கு உயிரே பழைய ஜப்பான் படங்கள்தான். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த சாமுராய் வீரர்கள். வீட்டுச் சுவர் முழுக்க வாளும் கவசமும் முறைத்த கண்ணும். மனிதர் உட்காரத்தான் இடமில்லை.

அதில் ஒன்று, மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழுசாகும் சண்டைக் காட்சி. ஓரத்தாள் இரண்டும் அண்ணனிடம். நடுத்தாள் என் வீட்டுக்காரரிடம். அவருக்கும் அதே பித்து. "மாப்ள, அதைக் குடுத்துடு", "நீங்க ரெண்டையும் குடுங்க மச்சான்" என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. பிறகு பேச்சு நின்றது. வாசல் மிதிப்பதும் நின்றது. போன மாதம் என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட அண்ணன் வரவில்லை.

எனக்கென்று மிச்சம் இருப்பது அண்ணன் ஒருத்தர்தான். படத்தைக் கொடுத்தால் பழையபடி வந்து போவார் என்று நினைத்தேன். தாளின் இரண்டு ஓரமும் கறுத்து நைந்திருந்தது. நான் தையல்காரி, பிசிறை வெட்டாமல் எதையும் இணைத்துப் பழக்கமில்லை. நேற்று சாயங்காலம் கத்தரிக்கோலால் நேராக நறுக்கினேன். இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணன் மூன்றையும் மேசையில் சேர்த்து வைத்தார். வீரனின் வாள் பாதியில் முறிந்து நின்றது. குதிரைக்கு மூக்கைக் காணோம்.

"யாரு வெட்டினது?"

"நான்தாண்ணே. ஓரமெல்லாம் பிசிறா இருந்துச்சு..."

"ஜாக்கெட் துணியாடி இது? கொன்னுட்டியே!"

குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அவர் போனப்போ இந்தக் கண்ணுல ஒரு சொட்டு வரலையேண்ணே."

"அவனை எதுக்கு இப்ப இழுக்குற? வெட்டின துண்டு எங்க?"

"வீட்டுல. குப்பைக் கூடையில போட்டேன்."

செருப்பைச் சரியாக மாட்டாமலே கிளம்பினார். எனக்கு முன்னால் என் வீட்டுப் படியேறினார். தையல் மிஷினுக்கு மேலே என் வீட்டுக்காரரின் போட்டோ. நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்டிபோட்டு, கூடையைத் தரையில் கவிழ்த்து, நூல் துணுக்குகளைக் கிளற ஆரம்பித்தார்.

"டீ போடட்டுமாண்ணே?"

"டீயாம் டீ! வந்து தேடு."

நேற்றைய குப்பையை வண்டிக்காரன் காலையிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டான். கூடையில் இருப்பது இன்றைக்குத் தைத்ததில் விழுந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவார்.

அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன்.