ஒரு நூல் வித்தியாசம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவனுக்குப் பாம்புச்செவி என்று பெயர். பாடுகிறவர் எந்த வரியில் திருட்டுத்தனமாக மூச்சு வாங்கினார் என்பதைக்கூடச் சொல்லிவிடுவான். அந்தப் பெயரோடு தலைக்கனமும் சேர்ந்து வளர்ந்தது. மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய இயர்போனைக் கைக்குழந்தை போல வைத்திருந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், அவன் பிறந்தநாளன்று, தங்கை ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். உள்ளே இருந்த இயர்போனின் விலை, இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடும் காசு.

"ஏழெட்டு போட்டுக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்ணா. உன்னோடதுக்குப் பக்கத்துல வரும்னு தோணுச்சு."

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவன் அதைக் காதில் வைத்து ஒரு வரிகூடக் கேட்கவில்லை, உடனே கழற்றிவிட்டான்.

"இதுக்குக் காதுல பஞ்சை அடைச்சுக்கலாம். தகரத்தைப் போய்த் தங்கம்ங்கிறியே, உனக்கெல்லாம் காது எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் கூடத்து முதலாளி அவன் வாய்ச்சவடாலுக்கு ஒரு பரீட்சை வைத்தார். கண்ணைத் துண்டால் கட்டினார். அவனுடைய இயர்போனுக்கும் வேறொரு இயர்போனுக்கும் ஒரே மாதிரிக் காது ரப்பர் மாட்டி, சத்தத்தைச் சமமாக வைத்து, ஒரே பாட்டைப் போட்டார். மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டான்.

"ரெண்டாவதுதான் என்னோடது. இதுல சந்தேகமே வேண்டாம்."

துண்டை அவிழ்த்தார்கள். இரண்டாவது, தங்கை வாங்கித் தந்த அதே மலிவு ரகம். கூடமே சிரித்தது.

எல்லோரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டான். அவனுடையதில் அடிநாதம் ஒரு நூல் தெளிவு. அவ்வளவுதான். விலையில் மட்டும் நாற்பது மடங்கு.

மறுநாள் மதியம் தங்கை வேலை பார்க்கும் பஸ் டிக்கெட் கவுண்டருக்குப் போனான். அவள் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

"நீ சொன்னதுதான் சரி. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

அவள் டப்பாவை மூடினாள். "ஒலிப்பதிவுப் படிப்புக்கு எனக்கு அப்போ இடம் கிடைச்சிருந்துச்சுண்ணா. அதைச் சொல்லத்தான் வந்தேன். முதல்ல பரிசைக் குடுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"உன்னைவிட யாருக்குக் காதைப் பத்தித் தெரியும்? நீயே எனக்குக் காது இல்லைன்னுட்ட. அப்புறம் அங்க போய் என்ன பண்றது?"

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நான் முதலாளிகிட்ட பேசறேன். கூடத்துலயே கத்துக்கலாம்."

"வேண்டாம்ணா. ஒரு வருஷம் அதையே நினைச்சு நினைச்சு அழுதேன். அப்புறம் விட்டுப்போச்சு. இப்போ பாட்டே அவ்வளவா கேக்கறதில்ல."

வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாப்பிட்டியா? மிச்சம் இருக்கு, எடுத்துச் சாப்பிடு," என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனாள்.

அவன் டப்பாவைத் திறந்தான். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.